ஹோன் அடிக்காத வேன் அக்கா

புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மாடியில் ரவிக்கை தைக்கிறேன். சனி, ஞாயிறுகளில் கல்யாணக் கூட்டம் கழுத்தை நெரிக்கும் என்பதால், ஊரெல்லாம் வேலைக்குப் போகிற புதன்தான் என் ஞாயிறு. துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கம்பியூட்டர் முன்னால் உட்காருவேன். மிருகக்காட்சிசாலை கட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. வெறும் புல்தரையைக் கொடுப்பார்கள். நாம் பாதை போட்டு, வேலி கட்டி, குளம் வெட்டி, மரம் நட்டு, மிருகங்களைக் கொண்டுவந்து விட வேண்டும். வாசலைத் திறந்தால் ஜனங்கள் வருவார்கள். சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது, யாரும் யாரையும் ஜெயிப்பது கிடையாது. மழை பெய்தால் அந்தச் சின்னச் சின்ன மனிதர்கள் குடை பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போய்விடும்.

என் மிருகக்காட்சிசாலையில் ஒரு தாபிர் இருக்கிறது. நம் மலேசியக் காட்டு மிருகம்தான். முன்னாலும் பின்னாலும் கருப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல ஒரு உடம்பு, யானையாகலாம் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்ட மாதிரி ஒரு மூக்கு. இன்றைக்கும் அது புதருக்குள்ளேயே கிடக்கிறது. நான் இப்படி நகர்த்தி, அப்படி நகர்த்தி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் காதுக்குள் ஒரு குரல் கேட்கும்.

“ஏன் தங்கச்சி அத போட்டு நோண்டற? நீ பாக்காதப்ப வரும் லா.”

அந்தக் குரலுக்குச் சொந்தக்கார அக்கா இப்போது கிள்ளானில் இல்லை. தெற்கே ஜொகூர் பக்கம் போய்விட்டார். எப்போதாவது குரல் செய்தி அனுப்புவார். அவர் பேசுவதற்குப் பின்னால் ஒரு குழந்தை கத்திக்கொண்டே இருக்கும், பாதிப் பேச்சு காதில் விழாது. நான் அதை இரண்டு தடவை கேட்பேன், சில சமயம் மூன்று தடவை. கடையில் என்னோடு தைக்கிற பிள்ளைகள், “யாருக்கா அது, உங்க சொந்தமா?” என்பார்கள். சொந்தம் கிடையாது. ஒரு தீபாவளிக்கு வழி தவறிப்போய் அவர் வீட்டில் சாப்பிட்டவள் நான், அவ்வளவுதான்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் காலையில் வருகிற வேன்களை, கண்ணை மூடிக்கொண்டே எதுவென்று சொல்லிவிடலாம். ஒருவர் குட்டியாக இரண்டு ஹோன் அடிப்பார். ஒருவர் நீளமாக ஒன்று. ஒரு அங்கிள் இருக்கிறார், எதிர்வீட்டுக் குழந்தை தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து அழும்வரை விடமாட்டார். அக்காவின் வேன் மட்டும் சத்தமில்லாமல் வந்து நிற்கும். இஞ்சின் மட்டும் ‘டுக்கு டுக்கு’ என்று அடித்துக்கொண்டிருக்கும். பிள்ளை எப்போது வருகிறதோ அப்போது கிளம்பும்.

வேனுக்கு ஹோன் இல்லாமல் இல்லை. வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது ஆபீசர் அமுக்கிப் பார்ப்பார், அது ஒரு கத்து கத்தும். அந்த நேரத்தில் அக்கா இறங்கி, கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொள்வார். எங்கள் சந்து முனையில் இருந்த ஒரு அம்மாவுக்கு இதில் பெரிய எரிச்சல்.

“ஏங்கக்கா, ஒரு ஹோன் அடிச்சா என்னா? பெட்ரோலா செலவாவுது?”

“நீ டிவி சத்தத்த கொறைச்சி வச்சீன்னா வேன் சத்தமே கேக்கும்மா.”

“நான் சட்டி முன்னால நிக்கறேன், எனக்கு எப்படி கேக்கும்?”

“அப்ப நீ பொரிச்சி முடி. நான் நிக்கறேன்.”

“மத்த பிள்ளைங்க லேட்டாவும்ல!”

“அதான் சீக்கிரமே கெளம்பி வந்துட்டேன்ல.”

உண்மைதான். காத்திருப்பதற்கென்றே மற்ற வேன்களுக்கு முன்னால் கிளம்புவார். அப்படியும் சில பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. “போவட்டும். ஹோன் கேட்டு பழகன பிள்ளைங்க” என்றார், ஏதோ சளி பிடித்த பிள்ளைகள் என்று சொல்வதைப்போல.

நான் வழி தவறிப்போன கதையைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த சமயம். தீபாவளிக்குக் கடையில் கேஷியராக இருந்த பெண் என்னைத் திறந்த இல்ல விருந்துக்கு, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகிற விருந்துக்கு, கூப்பிட்டிருந்தாள். வீட்டு எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு, வாழைப்பழ கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். நம் தாமான்களில்தான் எல்லாச் சந்தும் ஒரே அச்சாக இருக்குமே. ஒரே எண், ஆனால் நான் நுழைந்தது அடுத்த சந்து. கேட் திறந்து கிடந்தது. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. பச்சை நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு அக்கா, என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், “வாம்மா, கைய கழுவு” என்றார். கேக்கை வாங்கி உள்ளே வைத்தார். கேஷியர் பெண்ணின் அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

இட்லி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், பொரித்த பைஹூன் சேமியா, ரோஸ் சிரப் தண்ணீர். இரண்டாவது முறை இட்லி போட்டுக்கொண்டபோது போன் அடித்தது. கேஷியர் பெண்.

“எங்க இருக்க? எல்லாரும் வந்துட்டாங்க.”

“உங்க வீட்டுலதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீ எங்க?”

“எங்க வீட்டுலயா? நான் எங்க வீட்டு வாசல்லதானே நிக்கறேன்!”

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முதலிலிருந்தே தெரிந்தவர்போல முறுக்குத் தட்டை நீட்டினார். “பக்கத்து சந்து புள்ளையா? பரவால்ல லா, மெதுவா சாப்பிடு. அங்கயும் கொஞ்சம் எடம் வச்சிக்கோ.”

“நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையேக்கா!”

“பசியோட வந்த. அது தெரிஞ்சிது. போதாதா?”

அன்றைக்கு அவர் வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி வேன் பிள்ளைகள். திரையில் அழகான காடு, ஓடை, மரப்பாலம், ஓலைக்கூரை போட்ட ஓய்வுக் கொட்டகைகள். மிருகம் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

“இது என்னாக்கா?”

“ஸூ.”

“எங்க மிருகம்?”

“உள்ள இருக்கு” என்றார் அக்கா, ரொம்பப் பெருமையாக.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்தேன். காலைப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபிறகு மதியம் ஏற்றப் போகும்வரை அக்காவுக்கு ஓய்வு. அந்த நேரம்தான் அவருடைய ஸூ நேரம். வேனில் வருகிற ஒரு வாண்டு, “நீங்க சும்மாதானே இருக்கீங்க, இத விளையாடுங்க” என்று சொல்லிக்கொடுத்ததாம். கம்பியூட்டர் மகனுடையது. சுவரில் அந்த மகனின் பள்ளிப் படம் மாட்டியிருந்தது. இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்து, கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம். “மகன் எங்கக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். “ஜொகூர்ல இருக்கான்” என்றார். உடனே திரையில் மூங்கில் நட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாரும் அந்த விளையாட்டைப் பணம் வரும்படி விளையாடுவார்கள். வாசலுக்கு நேராகச் சிங்கம், அதன் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை, கடைக்குப் பக்கத்தில் பொம்மைக் கடை. அக்கா முதலில் ஒளிந்துகொள்ள இடம் கட்டுவார். பாறையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துவைத்து ஒரு குகை. குகைக்கு இரண்டு வழி. “ஒரு வழி மட்டும் வச்சா அது வீடு இல்ல தங்கச்சி, பொறி.” பிறகு பார்வையாளர் பக்கம் அடர்த்தியாக மூங்கில். அதன் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அதுவும் ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடி. மனிதனுக்கு மிருகம் தெரியும், மிருகத்துக்கு மனிதன் தெரிய மாட்டான். இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் மிருகத்தைக் கொண்டுவந்து விடுவார். விட்டதும் திரையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

“பாக்க மாட்டீங்களா?”

“புது வீட்டுக்கு வந்துருக்கு. நாலு பேரு மூஞ்சிய வச்சிக்கிட்டு நின்னா அது எப்படி சாப்பிடும்?”

அந்த விளையாட்டில் பார்வையாளர்கள்மேல் அழுத்தினால் அவர்கள் மனசில் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதிக் காட்டும். அக்கா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிப்பார். அவர்களுக்குப் பட்டப்பெயரும் வைத்திருந்தார். “இந்த தொப்பி என்னா சொல்றான் பாரு. ‘எனக்கு ஒரு மிருகமும் தெரியல’யாம். ஏன்டா டேய், வந்து அஞ்சு நிமிஷம் ஆவல, அதுக்குள்ளயா? அந்த பலூன் பொம்பளைய பாரு. அவ பேசாம ஒக்காந்துருக்கா. அவளுக்கு தெரியும்.”

அவருடைய ஸூவுக்கு நட்சத்திரம் ஏறவே ஏறாது. பார்வையாளர்கள் பாதிப்பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவார்கள். ஆனால் மிருகங்களுக்கு ஒரு குறை கிடையாது. எல்லாவற்றின் சந்தோஷ அளவும் பச்சையாக நிற்கும். திடீரென்று ஒரு நாள், நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, அவருடைய தாபிர் குகையிலிருந்து வெளியே வந்து தண்ணீர் ஓரத்தில் நிற்கும். பின்னால் ஒரு குட்டி. தர்பூசணிபோல உடம்பெல்லாம் கோடும் புள்ளியும். அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்துவார். பேசமாட்டார். திரையில் இருக்கும் மிருகத்துக்கு நாம் பேசுவது கேட்கவா போகிறது? ஆனாலும் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மெஷினுக்குள் இருக்கும் ஒரு பொம்மை மிருகத்துக்காக இரண்டு பெண்கள் வெங்காயக் கண்ணோடு அசையாமல் உட்கார்ந்திருந்தோம் என்றால் யார் நம்புவார்கள்? அந்த விளையாட்டைச் செய்தவர்கள் யாரோ, எந்த நாட்டிலோ, அவர்கள் நல்லா இருக்க வேண்டும். அது தலையைத் தூக்கி நம் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிற அழகுக்கு ஒன்றும் ஈடில்லை.

நானும் ஒரு ஸூ கட்டிப் பார்த்தேன். சுற்றிலும் கண்ணாடி, நாலாபக்கமும் பாதை. சீக்கிரமே கூட்டம் அள்ளியது, நட்சத்திரம் கொட்டியது. அக்கா வந்து பார்த்தார். என் கரடி ஒரு மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தது.

“கல்யாண மண்டபத்துல பொண்ண ஒக்கார வச்ச மாதிரி வச்சிருக்க” என்றார்.

வேனிலும் இதே அக்காதான். காலையில் ரயில் நிலையம்வரை என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு நாள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று யூனிஃபார்ம், சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பின்னால் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பேன் தொல்லை தாங்காமல் அம்மா முடியை ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார். உள்ளிருந்து அம்மா கத்துகிறார். வேனுக்குள் பிள்ளைகள் கழுத்தை நீட்டுகிறார்கள். அக்கா இஞ்சினை நிறுத்தினார்.

“எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க. அங்க ஒரு பூன இருக்கு.”

“எங்கக்கா பூன?”

“இருக்கும். பாத்துக்கிட்டே இரு.”

“காணோமேக்கா!”

“அவசரப்பட்டா எந்த பூன வரும்?”

அத்தனை பிள்ளைகளும் எதிர்ப்பக்கச் சாக்கடையையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வேன் கதவு மெதுவாக நகர்கிற சத்தம், சீட் ஒன்று அமுங்குகிற சத்தம். அக்கா கண்ணாடியில்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். ரயில் நிலையம் போய்ச் சேரும்வரை பிள்ளைகள் பூனையைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள்.

எனக்கும் ஒரு நாள் அப்படி வந்தது. பேசி முடித்திருந்த சம்பந்தம் ஒன்று கலைந்துபோய், முகம் வீங்கி அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. கம்பியூட்டர் முன்னால் உட்காரவைத்து, “அந்த ஓடைய கொஞ்சம் அகலமா வெட்டிக் குடு. என் கைக்கு வளைய மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். மதியம்வரை ஓடை வெட்டினேன். அழுதேன், வெட்டினேன். அவர் ஒரு தடவைகூட ஹாலுக்கு வரவில்லை. “சாப்பிட, தூங்க, யாரு மூஞ்சிலயும் முழிக்காம இருக்க. ஒரு உசுருக்கு இந்த மூணு எடம் வேணும்” என்று அவர் அடிக்கடி சொல்வார். மூன்றாவது இடத்தை அன்றைக்கு எனக்குக் கொடுத்தார்.

இவ்வளவு தெரிந்த மனுஷி பெற்ற மகனைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு புதன்கிழமை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“ஜொகூர் என்னா அமெரிக்காவா? ஒரு போன் போட்டு வாடான்னு கூப்பிட வேண்டியதுதானேக்கா?”

அக்கா விளையாட்டை நிறுத்திவைத்தார். நான் பார்த்து அவர் அப்படி நிறுத்தியதே இல்லை. குடை பிடித்தவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். மழைத்துளிகள் அந்தரத்தில் நின்றன.

“கூப்பிட்டேனே” என்றார். “கூப்பிட்டதனாலதான் போனான்.”

மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தானாம். பாடங்களில் தோற்றுப்போய், அம்மாவிடம் சொல்லப் பயந்து, பக்கத்து ஊரான காப்பாரில் ஒரு கூட்டாளி வீட்டில் போய் இருந்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் அக்கா வேனை எடுத்துக்கொண்டு அங்கே போனார். அந்த வீட்டு வாசலில் நிறுத்தி ஹோனில் கையை வைத்தார்.

“எடுக்கல தங்கச்சி. கைய எடுக்கவே இல்ல. பக்கத்து வீட்டு சீன அங்கிள் வந்துட்டாரு, எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்கம்மா வந்துட்டாங்க, சந்தே வந்துட்டுது. அப்பறம் இவன் வந்தான், மேல சட்ட இல்லாம. அத்தன பேரு முன்னால, ‘பெயிலான மூஞ்சிய இங்க கொண்டாந்து ஒளிச்சி வச்சிருக்கியா’ன்னு கேட்டேன். நான் கேட்டேன், என் வாயால.”

பையன் வேனில் ஏறினானாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் கடைசிச் சீட்டில், முழங்கால் முகத்தில் இடிக்கச் சுருண்டு உட்கார்ந்தானாம். வீட்டுக்கு வந்து குளித்து, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டு, மறுநாள் ஒரு பையோடு போய்விட்டான்.

“என்கிட்ட கோவப்பட்டிருந்தா பரவால்ல. ‘போய்ட்டு வரேம்மா’ன்னு சொல்லிட்டு போனான். ஜொகூர்ல லோரி ஓட்டறான்னு அவன் கூட்டாளிதான் சொன்னான். கல்யாணம் ஆயிடுச்சின்னும் சொன்னான்.”

“நீங்க போய்ப் பாக்கலாமே.”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? திரும்பவும் வாசல்ல போய் நிக்கவா?”

அப்போதுதான் எனக்கு அந்தத் திறந்த கேட் புரிந்தது. அக்காவே சொன்னார்: “தீவாளிக்கு வாசல்ல நின்னு யாரு, என்னா, எங்க இருந்துன்னு கேட்டுக்கிட்டிருந்தா, வரலாமான்னு நெனைக்கறவன் அப்படியே திரும்பிடுவான். கேக்காம இருந்தா, கும்பலோட கும்பலா வந்து ரெண்டு இட்லி தின்னுட்டாவது போவான்ல?”

பிறகு விளையாட்டைத் திரும்ப ஓடவிட்டார். நின்ற மழை விழ ஆரம்பித்தது.

அதிலிருந்து தீபாவளி என்றால் எனக்கும் கண் வாசலிலேயே இருக்கும். விடியலிலேயே போய் மாவு ஊற்றிக் கொடுப்பேன். வருகிற ஒவ்வொரு ஆம்பளையின் புருவத்தையும் பார்ப்பேன். அக்கா பார்க்க மாட்டார். “கைய கழுவு, சாப்பிடு.” அவ்வளவுதான். யார் யாரோ வந்தார்கள். என்னைப்போலச் சந்து மாறி வந்தவர்கள்கூட இரண்டு பேர். அவன் வரவில்லை. எல்லாரும் போனபிறகு அக்கா மிச்ச இட்லியை மூடிவைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன்.

பிறகு வந்த ஒரு தீபாவளி மதியம். வெயில் கொளுத்துகிறது. சுடிதார் போட்ட ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தையோடு கேட்டுக்குள் வந்தாள். தெற்கத்திப் பேச்சு.

“தீவாளி வாழ்த்து ஆன்டி.”

“வாம்மா. கைய கழுவு.”

அவள் உட்கார்ந்தாள். குழந்தை நழுவி இறங்கி நேராகக் கம்பியூட்டருக்குப் போனது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “மா, எங்க மிருகம்?” என்றது. நான் சிரித்துக்கொண்டே குனிந்து அந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்திருந்தன. சுவரைப் பார்த்தேன். மறுபடியும் குழந்தையைப் பார்த்தேன். “அக்கா…” என்று வாயைத் திறப்பதற்குள் என் கால் கட்டைவிரலில் அக்காவின் குதிகால் ஏறி அழுத்தியது.

“சட்னி எடுத்துட்டு வா தங்கச்சி.”

சட்னியோடு வந்தேன். அந்தப் பெண் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். அக்கா அவளிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை, புருஷன் என்ன வேலை என்று கேட்கவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். “நல்லாருக்கு ஆன்டி” என்றாள். குழந்தைக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தார் அக்கா. ஒவ்வொரு வாயையும் ஊதி ஊதிக் கொடுத்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

கிளம்பும்போது எடுத்துப்போகத் தாபாவ் கட்டிக் கொடுத்தார். மூன்று பொட்டலம்.

“நாங்க ரெண்டு பேருதானே ஆன்டி.”

“கார்ல இருக்கறவருக்கு ஒன்னும்மா.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். “எப்படி ஆன்டி…”

“நீ வந்ததுலேர்ந்து எதிர்ல இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. இந்த வெயில்ல ஏர்கோன் போட்டுக்கிட்டு யாரோ ஒக்காந்துருக்காங்க.”

சாலைக்கு எதிர்ப்பக்கம், மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடியெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. “வரமாட்டேன்னு சொல்றாரு ஆன்டி. இது மூணாவது வருஷம். ரெண்டு வருஷமா வண்டிய நிறுத்தி பாத்துட்டு திரும்பிடுவாரு. நான்தான் இன்னிக்கி எறங்கிட்டேன்.”

அக்கா பொட்டலங்களை அவள் கையில் கொடுத்தார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்தபடி சாலையைக் கடந்தாள். கார்க் கதவு திறந்து மூடியது.

மூன்று வருஷமாம். நாங்கள் உள்ளே மாவு ஊற்றிக்கொண்டும், வருகிறவன் புருவத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தபோதெல்லாம் அவன் அந்த மரத்தடியில்தான் இருந்திருக்கிறான். கேட்காமல், கூப்பிடாமல், கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு அக்கா உள்ளே காத்துக்கொண்டிருக்க, யாராவது கூப்பிடுவார்களா என்று அவன் வெளியே காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அக்கா கையைத் துண்டில் துடைத்தார். ஒருமுறை துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

“தங்கச்சி, அடுப்புல இட்லி வெந்துக்கிட்டிருக்கு. பாத்துக்க.”

“எங்கக்கா போறீங்க?”

“தெரியல லா” என்றார்.

செருப்புப் போடவில்லை. தார் சாலை பழுக்கக் காய்ந்திருந்தது. அதில் வெறுங்காலோடு, ஓடாமல், சாதாரணமாக நடந்தார். காரிடம் போனார். முன் கண்ணாடியைத் தட்டவில்லை, குனிந்து எட்டிப் பார்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பின்கதவை மட்டும் திறந்தார். குழந்தை உட்கார்ந்திருந்த பக்கமாக ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வாசலில் நின்றேன். கருப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. கார் கிளம்பும் என்று நினைத்தேன், கிளம்பவில்லை. யாராவது இறங்குவார்கள் என்று நினைத்தேன், இறங்கவில்லை.

உள்ளே ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு அங்கிள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “வீட்டுக்காரம்மாவ காணோமேம்மா?” என்றார்.

“இருக்காங்க அங்கிள். நீங்க சாப்பிடுங்க.”

இட்லி எடுத்தேன், மறு ஈடு ஊற்றினேன், சிரப் தண்ணீர் கரைத்தேன், யாரையும் யாரென்று கேட்கவில்லை. கரண்டியோடு மறுபடியும் வாசலுக்கு வந்து பார்த்தபோது இஞ்சின் சத்தம் நின்றிருந்தது. கார் அங்கேயேதான் இருந்தது. மரத்து இலை அசையாத அந்த வெயிலில் அது மட்டும் லேசாக, நிற்காமல் குலுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை யார் மடியிலோ ஏறிக் குதித்துக்கொண்டிருக்க வேண்டும்.